ஆயாவுக்குப் பதினோரு புடவை

ஏலவார்குழலி பதினோராவது தடவையாக அந்த ஆயாவுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

நிஜ ஆயா இல்லை. லேப்டாப் திரையில் உட்கார்ந்திருந்த பொம்மை. வெள்ளைக் கொண்டை, மூக்குத்தி, பொக்கை வாய்ச் சிரிப்பு, முன்னால் ஒரு உரல், கையில் உலக்கை. பருப்புப் பொடி பாக்கெட்டின் மேல் ஒட்டுகிற லேபிளுக்காகக் குழலி வரைந்தது. முதலில் அரக்குப் புடவை கட்டிவிட்டாள். அப்புறம் மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி என்று வரிசையாகக் கட்டிப் பார்த்தாயிற்று. கரையைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், கட்டம் போட்டாள், புட்டா போட்டாள். ஆயா எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்தாள். லேபிளுக்கு ஆர்டர் கொடுத்த வாசுதேவ்தான் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

வாசுதேவ் ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊரில் இருக்கிறான். அவனுடைய அம்மா வீட்டில் பொடி அரைத்துக் கொடுக்க, அதைப் பாக்கெட் போட்டு அங்கிருக்கிற நம் ஜனங்களுக்கு விற்கலாம் என்று ஒரு யோசனை. வரைகிறவர்களுக்கு வேலை கொடுக்கிற ஒரு இணையதளத்தில் ஆள் தேடி வந்தவன், குழலியின் பெயருக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் என்று இருந்ததைப் பார்த்து வேலையைக் கொடுத்துவிட்டான். "சிம்பிளா, டிரெடிஷனலா, அம்மா ஃபீல் வரணும் மேடம்" என்று எழுதினான். அவ்வளவுதான். முதல் டிசைன் போன அன்றைக்கு "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் குழலி என்ன அனுப்பினாலும் பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு டிக் விழும். வாய் திறக்க மாட்டான்.

இது அவளுக்கு முதல் ஆர்டர். இரண்டு மாதம் கண்டவனுக்கெல்லாம் மெசேஜ் போட்டு "நான் செஞ்சு தரேன் சார்" என்று கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. அந்தத் தளத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாத ஆளை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். வாசுதேவ் 'சரி' என்று அழுத்தி, நாலு நல்ல வார்த்தை எழுதினால் அடுத்த ஆர்டர் வரும். பிடிக்கவில்லை என்று எழுதினால் கடையைக் கட்டிவிட்டு, திரும்பக் காந்தி ரோட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே போய் நிற்க வேண்டும்.

காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக் கடையில் பதினோரு வருஷம் சேல்ஸில் இருந்தவள் அவள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் நின்றபடிதான். சாப்பிடுகிற அரை மணி நேரம் உட்காரலாம். கல்யாண சீசனில் அதுவும் கிடையாது. ஏழாவது வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே பச்சைப் பச்சையாக நரம்பு சுருள ஆரம்பித்தது. போன வைகாசி மாதம் கால் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே நிக்கிற வேலையே கூடாது. நின்னா புண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டார். கடையில் அவள் இதைச் சொல்லவில்லை. அங்கே யாருக்குத்தான் கால் வலிக்காது? கால் வலி என்று வாயைத் திறக்கிறவளை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவளைப் போலப் பார்ப்பார்கள். "வீட்ல கொஞ்சம் வேலை இருக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

புடவைக் கடைக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதினோரு புடவைக் கூத்து உங்களுக்கு விளங்காது. வந்து உட்கார்ந்த கஸ்டமர் பேசாமல் இருந்தால் அவரிடம் போய், பிடிச்சிருக்கா, பிடிக்கலையா என்று நச்சரிக்கக் கூடாது. இன்னொரு புடவையை எடுத்துப் பிரித்துப் போட வேண்டும். அதற்கும் பேசவில்லையா, இன்னொன்று. அவர் கண் எந்தக் கரையில் நிற்கிறது, கை எந்த முந்தானையைத் தொட்டுப் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டே அடுத்ததை இழுக்க வேண்டும். முக்கியமான விஷயம், அவர் எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு புடவையைக்கூட மடிக்கக் கூடாது. மடித்தால், போதும், கிளம்புங்கள் என்று அர்த்தம். கஸ்டமர் முன்னால் புடவையை மடித்த ஒரு பெண்ணை மூன்றே நாளில் வேலையை விட்டு அனுப்பியதைக் குழலியே பார்த்திருக்கிறாள்.

ஆக, வாசுதேவ் பேசவில்லை என்றதும் அவள் இன்னொன்றை எடுத்துப் போட்டாள். என்ன ஒன்று, இங்கே கண்ணும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. இரண்டு டிக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மனசை எப்படிப் படிப்பது?

அவள் புருஷன் தர்மன் முதல் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது மணி நாலாகியிருந்தது. உள்ளே வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு ஆயா இன்னா கலர்?"

"யானைக் கலர். குங்குமக் கரை."

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இத்தினி புடவை பார்க்கலை."

"கடுப்பேத்தாதய்யா. இன்னிக்காவது பதில் போடுவானான்னு பார்த்துக்கினு இருக்கேன்."

"அடைகாத்துக்கினே இரு. குஞ்சு பொரிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனான். கேலிதான் என்றாலும் குரலில் அலுப்பு இருந்தது. பகல் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவன். திரும்பி வந்து, அவள் கால்மாட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை அதன் மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் டீ குடிக்க உட்கார்ந்தான்.

குழலி யானைக் கலரை அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. கரண்ட் போய் அடுத்த தெருவில் விசைத்தறிச் சத்தம் நின்று, கரண்ட் வந்ததும் மறுபடி தறி ஓடியது. பெர்த்தில் சத்தமே இல்லை.

இது ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் மாணிக்கவேல்.

மாணிக்கவேல் அந்தக் கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசர். நல்ல மனுஷன், யாரையும் வாடி போடி என்று பேசியதில்லை. குழலி வேலையை விட்டு நின்ற வாரத்திலிருந்தே அவர் ஃபோன் செய்துகொண்டிருந்தார். முதல் தடவை, "எப்பம்மா வர?" என்று மட்டும் கேட்டார். "சொல்றேண்ணா" என்றாள். அடுத்த தடவை, முகூர்த்தப் பட்டு வேண்டாம், சில்க் காட்டன் பக்கம் போட்டுவிடுகிறேன், அங்கே கூட்டம் கம்மி என்றார். அதற்கும் சொல்றேண்ணா. அப்புறம் முதலாளியிடம் பேசிச் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்கிறேன் என்றார். அதற்கப்புறம் அவள் ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அவர் விடவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு தரேன். உனக்கு ஆகாத அந்தப் பொண்ணை மாடிக்கு மாத்திட்டேன். காலையில லேட்டா வந்துக்கோ.

அவளுக்கு அந்தப் பெண்ணோடு சண்டையே கிடையாது. யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஃபோனை அடுப்பு மேடையில் வைத்துக் கேட்டாள்.

"குழலி, அண்ணன்தான் பேசறேன். ஆவணி முகூர்த்தம் வருது, உனக்கே தெரியும். உனக்குத் தனியா ஒரு கவுண்டர் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். இன்சென்டிவ் தனியா. யோசிச்சு சொல்லு மா. இதுவும் வேணாம்னா வேற ஏதாச்சும் பண்ணலாம்."

குழலிக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனுஷனுக்கு ஏன் புரியவில்லை? பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்றால் வர விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? இன்னும் பெரிதாக எதையாவது எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றா நினைக்கிறார்? முதல் தடவையே வரலை என்று சொல்லியிருக்கலாம்தான். நல்ல மனுஷன், ஆசையாகக் கேட்கிறார், முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போடப் போட, சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் கனத்துப் போனது. இப்போது அவர் பேரை ஃபோனில் பார்த்தாலே...

கஞ்சி கையில் கொட்டிவிட்டது. சுட்ட கையைக் குழாயில் காட்டியபடி குழலி அப்படியே நின்றாள். வலியினால் அல்ல.

மாணிக்கவேலுக்கு அவள் எப்படியோ, அவளுக்கு வாசுதேவ் அப்படி. அவன் இன்னொரு புடவைக்காகக் காத்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறான். இவள் பாட்டுக்கு மலை மாதிரி அவன் முன்னால் குவித்துக்கொண்டே போயிருக்கிறாள். அடக் கடவுளே என்று இருந்தது.

சாதத்தை மூடி வைத்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அனுப்பிய பதினொன்றும் கீழிருந்து மேல்வரைக்கும் வரிசையாகச் சிரித்தன. ஒவ்வொன்றாக நீக்கினாள். அரக்கு போனது, மாம்பழ மஞ்சள் போனது, மயில்கழுத்து போனது. கஸ்டமர் இன்னும் எழுந்திருக்கவில்லை, அதற்குள் மடிக்கிறோமே என்று கை கூசியது. பதினோரு வருஷப் பழக்கம். யானைக் கலரையும் நீக்கிவிட்டு எழுதினாள்.

"வாசுதேவ் சார், அனுப்பினது எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனி எதுவும் அனுப்ப மாட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இரண்டு டிக் விழுந்தது. அவள் சாதத்தைப் பார்க்க எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் அங்கிருந்து டைப் செய்வது தெரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

"சாரி மேடம். ரொம்ப சாரி. எதுவுமே செட் ஆகலை. முதல் டிசைனை வந்த அன்னைக்கே அம்மாகிட்ட காமிச்சேன். அம்மா ரிட்டயர்ட் கணக்கு டீச்சர். பாப் கட், எப்பவும் சுடிதார்தான். உரலைத் தொட்டதே கிடையாது, எல்லாம் மிக்ஸியிலதான். 'யாருடா இந்தக் கிழவி, நானா'ன்னு கேட்டாங்க. அப்புறம் பொடியைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பிக்கிட்டே இருந்தீங்க. ஒவ்வொண்ணு வரும்போதும் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது.

"பதினோரு புடவை மாத்தினீங்க மேடம். ஆளை மாத்தவே இல்லை."

குழலிக்குச் சிரிப்பு வந்தது. பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மைதானே. புடவை தெரியும் அவளுக்கு. கட்டிக்கொள்கிறவளை ஏறிட்டுப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா என்றதும் கொண்டையும் உரலுமாக ஒரு கிழவியைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று மாய்ந்து மாய்ந்து வேலை செய்திருக்கிறாள். அந்த அம்மாள் பெர்த்தில் எங்கேயோ ஒரு மிக்ஸிக்குப் பக்கத்தில் மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. இது தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"வேற மாதிரி போட்டுத் தரட்டுமா சார்?" என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால், இதுவும் இன்னொரு புடவைதான். அனுப்பாமல் அழித்தாள்.

"கேன்சல் பண்ணிக்கலாமா மேடம்?" என்று அவனே கேட்டான். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ரேட்டிங் எதுவும் விழாதுன்னு போட்டிருக்கு. உங்க பேர் கெட வேணாம்."

"பண்ணிக்கலாம் சார்."

அழுத்தினாள். ஆர்டர் இருந்த இடம் காலியாகி, இரண்டு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட்டது. ஒரு நட்சத்திரமும் இல்லை. கெட்ட பேர் வரவில்லை, நல்ல பேரும் வரவில்லை. இரண்டு மாதம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஃபோன் மேடையிலேயே கிடந்தது. அவளுக்கு நன்றாகத் தெரியும், இப்போது மாணிக்கவேலைக் கூப்பிட்டு வரேண்ணா என்று சொன்னால் நாளைக்கே வேலை. தனிக் கவுண்டர், இன்சென்டிவ், ஞாயிற்றுக்கிழமை லீவு. இவ்வளவு இறங்கி வந்து யாரும் அவளை எந்த வேலைக்கும் கூப்பிட்டதில்லை, இனிமேலும் கூப்பிடப்போவதில்லை. தர்மன் ஒன்றும் சொல்ல மாட்டான். சந்தோஷப்படவும் மாட்டான், ஸ்டூலைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவான்.

குனிந்து காலைப் பார்த்தாள். இரண்டு மாதம் உட்கார்ந்ததில் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. நரம்பு அப்படியேதான் இருந்தது. ஃபோனை எடுத்தாள்.

"அட, குழலியா" என்றார் மாணிக்கவேல். பின்னால் கடைச் சத்தம், ஆந்திரப் பக்கத்துக் கூட்டம் ஒன்று தெலுங்கில் விலை பேசிக்கொண்டிருந்தது. "சொல்லு மா."

"அண்ணா, நான் வரலை."

"இன்னாம்மா?" என்றார்.

"முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை. நீங்க அவ்ளோ கேட்டீங்க. மன்னிச்சுக்கோங்க."

கடைச் சத்தம் குறைந்தது. மனுஷன் படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டார் போலிருக்கிறது.

"உனக்காக அந்த இடத்தைக் காலியாவே வச்சுக்கினு இருந்தேன்மா" என்றார். கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "முசரவாக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வாராவாரம் வந்து கேட்டுக்கினு இருக்குது. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலை. நீ வந்துடுவேன்னு முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினேன்."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததில் இவர் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, முகம் தெரியாத ஒரு பெண்ணும் பஸ் ஏறி ஏறி வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணை நாளைக்கே வரச் சொல்லுங்கண்ணா."

"சொல்றேன்." அவர் ஃபோனை வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இனிமே நீ வரப்போறது இல்லை, மறைக்க வேணாம். இன்னாதான்மா ஆச்சு உனக்கு? சம்பளமா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கால்ணா. நரம்பு சுருண்டுக்கிச்சு. நிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"காலா? ஒரு வார்த்தை சொல்லலையேம்மா நீ."

"நீங்க கேக்கலையேண்ணா."

குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. சும்மா வாயில் வந்தது. அவர் இருமிக்கொண்டார்.

"எனக்கும்தான் இருக்குது" என்றார். "ரெண்டு கால்லயும். பேண்ட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் இறுக்கமா சாக்ஸ் போட்டுக்கினுதான் நிக்கறேன். வீட்ல மட்டும்தான் தெரியும்." யாரோ அவரை மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். "தோ வரேம்பா" என்று அவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, "நீ உக்காரும்மா. உக்காந்தே இரு" என்றார். ஃபோன் நின்றது.

குழலி ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வேலை போனதற்கா, அந்த மனுஷன் காலுக்கா, தெரியாது. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லேப்டாப்பில் வாசுதேவின் பக்கம் திறந்தே கிடந்தது. ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. அவனிடம் இனி விற்பதற்கு ஒன்றுமில்லை, அவனிடமிருந்து வருவதற்கும் ஒன்றுமில்லை.

பதினோரு லேபிளிலும் 'அம்மா கைப்பக்குவம்' என்றுதான் எழுதியிருந்தாள். அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சார், உங்க அம்மா பேர் என்ன?" என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு டிக். உடனே பதில்.

"மரகதவல்லி. ஏன் மேடம் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார். கேக்கவே இல்லையேன்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ டைப் செய்தான், நிறுத்தினான், மறுபடி டைப் செய்தான். பெரிதாக ஏதோ எழுதுகிறான் போலிருந்தது. குழலியின் கை வழக்கம்போல டிசைன் பக்கத்தைத் திறக்கப் போனது. அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் காலை நீட்டி, அவன் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.